புதிய விண்வெளி நிறுவனங்களுக்கு எவ்வளவு தரச் சோதனை போதும்?

31 மே 2024, வாசகர் ஒருவரின் கேள்வி

நேற்றுக் காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அக்னிகுல் நிறுவனத்தின் அக்னிபான் சோதனை ஏவூர்தி மேலே சென்றது. மகிழ்ச்சி. ஆனால் அதற்கு முன் நான்கு முறை ஏவுதலை நிறுத்தினார்கள். ஸ்பேஸ்எக்ஸ் தன் முதல் மூன்று ஏவூர்திகளையும் வரிசையாக இழந்து, அதன் பிறகுதான் இன்றைய நிலைக்கு வந்தது. நம் புதிய நிறுவனங்கள் இஸ்ரோவின் கோப்புகளையும் கையொப்பங்களையும் அப்படியே சுமக்க வேண்டுமா? துணிந்து பறக்கவிட்டு, விழுந்தால் கற்றுக்கொண்டு, மறுபடி பறக்கவிடுவதுதானே மலிவு? தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

1 ஜூன் 2024

கோவையில் ஒரு சிறிய எந்திரப் பட்டறையில் 17 ஆண்டுகளாகத் தர ஆய்வாளராக இருக்கிறேன். எங்களிடம் வரும் வேலைகளில் பாதி பம்பு உதிரிபாகங்கள், கால்பங்கு விண்வெளிக்கான வால்வு உடல்களும் குழாய் இணைப்புகளும். ஆகவே என் பார்வை பட்டறை மேசையிலிருந்து பார்ப்பவனின் பார்வை.

ஸ்பேஸ்எக்ஸின் முதல் ஏவூர்தியான ஃபால்கன் 1 கண்ட மூன்று தோல்விகளைத் துணிச்சலுக்குச் சான்றாக எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் தோல்விகளுக்குள் போய்ப் பாருங்கள். 2006 மார்ச்சில், பசிபிக் கடலில் ஓமலெக் என்னும் சிறு தீவிலிருந்து கிளம்பிய முதல் ஏவூர்தியில், எரிபொருள் குழாய் இணைப்பில் இருந்த ஓர் அலுமினிய நட்டு உப்புக்காற்றில் அரித்துப் போயிருந்தது. அதன் வழியே மண்ணெண்ணெய் கசிந்து தீப்பிடித்து, அரை நிமிடம் அளவில் எஞ்சின் நின்றது. 2007 மார்ச்சில் இரண்டாம் அடுக்கின் தொட்டிக்குள் திரவ ஆக்சிஜன் தளும்பியதில் ஏவூர்தி நிலைகுலைந்தது. 2008 ஆகஸ்டில், முதல் அடுக்கின் எஞ்சின் அணைந்த பிறகும் சிறிதளவு உந்துவிசை மிச்சமிருந்ததால், பிரிந்த அடுக்கு பின்னாலேயே வந்து இரண்டாம் அடுக்கை இடித்தது. தரையில் நடந்த சோதனையில் சுற்றியுள்ள காற்றழுத்தம் அந்த மிச்ச உந்துவிசையை மறைத்துவிட்டிருந்தது.

மூன்றாம் தோல்விக்கு அவர்கள் செய்த திருத்தம், எஞ்சின் அணைவதற்கும் அடுக்கு பிரிவதற்கும் இடையே சில விநாடிகளைக் கூட்டியது மட்டும்தான். எட்டே வாரத்தில், 2008 செப்டம்பர் 28 அன்று, நான்காவது ஏவூர்தி சுற்றுப்பாதையை எட்டியது. எதை மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று எட்டு வாரத்தில் சொல்வதற்கு, ஒவ்வொரு பாகத்துக்கும் பதிவும் ஒவ்வொரு விநாடிக்கும் அளவீடும் கையில் இருந்திருக்க வேண்டும். நீங்கள் சுமை என்று சொல்கிற கோப்பு அதுதான்.

என் கருத்து இது. முன்கூட்டித் தெரிய வழியே இல்லாத காரணத்தால் வரும் தோல்வி படிப்புச் செலவு. அதைப் புதிய நிறுவனம் தாராளமாகச் செய்யலாம். யாரோ ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்த காரணத்தால் வரும் தோல்வி அப்படி அல்ல.

2 ஜூன் 2024

நான்கு முறை நிறுத்தியதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2013 ஆகஸ்ட் 19 அன்று இஸ்ரோவின் ஜி.எஸ்.எல்.வி. டி5 ஏவூர்தியை, புறப்பட 74 நிமிடங்கள் இருக்கையில், இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவதைக் கண்டு நிறுத்தினார்கள். தொட்டிக்குப் பயன்படுத்திய அலுமினியக் கலவையே நாளடைவில் விரிசல் விடக்கூடியது என்று தெரிந்து, வேறு கலவையில் செய்த அடுக்கைப் பொருத்தி, 2014 ஜனவரி 5 அன்று ஏவி வெற்றி கண்டார்கள். சந்திரயான் 2 பயணத்தை 2019 ஜூலை 15 அன்று 56 நிமிடங்கள் இருக்கும்போது நிறுத்திவிட்டு, ஒரே வாரத்தில் ஏவினார்கள். நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்து என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் இருந்தது என்பதைத்தான் இவற்றில் நான் பார்க்கிறேன். அக்னிகுல் இளைஞர்களும் அதைக் கற்றிருக்கிறார்கள் என்பது, அவர்கள் மேலே போனதைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

5 ஜூன் 2024

ஜூன் 1 அன்று எழுதியதில் திருத்தம். ஃபால்கன் 1 தோல்விகள் எல்லாமே முன்கூட்டித் தெரிய வழியில்லாதவை என்று பொருள்படும்படி எழுதிவிட்டேன். அது சரியல்ல. இரண்டாவது ஏவுதலுக்கு முன் அவர்கள் தயாரித்த அபாயப் பட்டியலில் தொட்டிக்குள் தளும்பல் இடம்பெற்றிருந்தது, பதினோராம் இடத்தில். முதல் பத்தைக் கவனித்தார்கள். பதினோராவது கவிழ்த்தது.

ஆகவே தெரிந்தது, தெரியாதது என்று நான் போட்ட கோடு அவ்வளவு நேராக இல்லை. பட்டியலில் எழுதிவிட்டதாலேயே ஒன்று தெரிந்ததாகிவிடுமா? எங்கள் பட்டறையிலும் ஒவ்வொரு வேலைக்கும் அபாயப் பட்டியல் உண்டு. வாய்ப்புக்கு ஓர் எண், விளைவுக்கு ஓர் எண், பெருக்கி வரும் தொகைக்கு ஒரு நிறம். சிவப்பில் இருப்பதைப் பார்ப்போம், மஞ்சளைப் பிறகு பார்க்கலாம் என்போம். அந்த எண்களைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் மாலை நான்கு மணிக் கூட்டத்தில் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் நாங்கள்தான்.

7 ஜூன் 2024

போயிங்கின் ஸ்டார்லைனர் விண்கலம் நேற்றிரவு விண்வெளி நிலையத்தில் இணைந்துவிட்டது. புறப்படும் முன்பே தெரிந்திருந்த ஒரு ஹீலியம் கசிவை வாரக்கணக்கில் ஆராய்ந்து, தாங்கக்கூடியதே என்று எழுதி, அதன் பிறகு இருவரை ஏற்றி அனுப்பினார்கள். தெரிந்த குறையோடு பறப்பது எப்போதும் தவறு என்று நான் சொல்வதாக ஒருவர் கருதுகிறார். இல்லை. இதுபோல ஆராய்ந்து எழுதி ஏற்பது சரியான வழிதான் என்று நினைக்கிறேன்.

9 ஜூன் 2024

யாரோ ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்த காரணம் என்று எழுதினேனே, தெரிந்திருந்தும் ஒருவர் கையொப்பமிடுவது எப்படி நடக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அதைச் செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்கு 24 அலுமினியக் குழாய் இணைப்புகள் செய்தோம். உருளைக் கம்பியாக வரும் உலோகத்தின் ஒரு முனையில் ஹீட் நம்பர் குத்தப்பட்டிருக்கும். எந்த உலையில், எந்த உருக்கில் பிறந்தது என்பதற்கான அடையாளம் அது. ஆலை தந்த சோதனைச் சான்றிதழும் அந்த எண்ணின் பெயரில்தான் இருக்கும். கம்பியை எப்போதும் எண் இல்லாத முனையிலிருந்துதான் வெட்ட வேண்டும், வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் எண்ணை மறுபடி குத்த வேண்டும். முதல் கம்பியில் 15 துண்டுகள் கிடைத்தன. இரண்டாம் கம்பியை ஏற்றிய இளைஞர் அவசரத்தில் எண் குத்திய முனையை முதலில் சீவிவிட்டார். சீவிய தகடு செதில்களோடு கலந்து தொட்டிக்குப் போய்விட்டது. அதே அலமாரியில் 6061, 2014 என்ற எண்களால் குறிக்கப்படும் இரு அலுமினியக் கலவைகள் அடுத்தடுத்த தட்டுகளில் இருந்தன. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளி நிறம், கையில் எடுத்தால் ஏறக்குறைய ஒரே எடை. அந்தக் கம்பியின் 9 துண்டுகளும், எண் குத்தும் முன்பே, முந்தைய 15 துண்டுகளோடு ஒரே தட்டில் கலந்துவிட்டதால், 24 துண்டுகளுமே ஐயத்துக்குரியவை ஆகிவிட்டன.

மாலை ஆறு மணிக்கு வண்டி வாசலில் நின்றது. உரிமையாளர் என்னை மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. "அதே அலமாரியில இருந்து எடுத்ததுதானுங்களே" என்று மட்டும் கேட்டார். அளவுகள் எல்லாம் மைக்ரோமீட்டரில் சரியாக இருந்தன. மூலப்பொருள் சரிபார்க்கப்பட்டது என்ற கட்டத்தில் நான் கையொப்பமிட்டேன். அந்தக் கட்டம் ஒரு விரல் நகத்தின் அளவுதான் இருக்கும்.

அன்றிரவு தூங்கவில்லை. காலையில் வாடிக்கையாளரின் தரப்பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லி, பெட்டியைப் பிரிக்காமல் நிறுத்தச் சொன்னேன். துண்டுகள் திரும்பி வந்தன.

10 ஜூன் 2024

பலரும் கேட்கிறார்கள்: முடிவு என்ன ஆயிற்று? இருபத்து நான்கையும் கடினத்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தினோம், ஒன்றை வெட்டி வேதியியல் சோதனைக்கு அனுப்பினோம். எல்லாம் சரியான கலவையே. ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் வாடிக்கையாளர் அடுத்த ஆறு மாதத்துக்கு எங்கள் ஒவ்வொரு தொகுதியையும் கூடுதல் சோதனையில் வைத்தார். அதனால் பணம் தாமதமானது. உண்மையைச் சொன்னதற்கு விலை உண்டு என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அந்த விலையை யார் ஏற்பது என்று நிறுவனம் முன்பே முடிவு செய்து வைக்காவிட்டால், அடுத்த முறை எவரும் சொல்ல மாட்டார்கள்.

23 ஜூன் 2024

சான்றிதழ் வெறும் தாள்தானே என்று எழுதியவருக்கு. அமெரிக்காவின் டாரஸ் எக்ஸ்.எல். ஏவூர்தி 2009 பிப்ரவரியிலும் 2011 மார்ச்சிலும் ஒரே விதமாகத் தோற்றது. மூக்குப் பகுதியிலுள்ள வெப்பக்கவசம் பிரியவில்லை. இரண்டு புவி ஆய்வுச் செயற்கைக்கோள்கள் போயின, இழப்பு 70 கோடி டாலருக்கு மேல். கவசத்தைப் பிரிக்கும் இணைப்பில் இருந்த அலுமினிய வார்ப்புகளை வழங்கிய சாப்பா புரொஃபைல்ஸ் நிறுவனம், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இழுவிசைச் சோதனை முடிவுகளைத் திருத்தி எழுதி வந்ததை நாசா 2019இல் வெளியிட்டது. முதல் தோல்விக்குப் பிறகு கவசத்தின் இயக்கமுறையைத் திருத்திவிட்டு மறுபடி பறந்தார்கள். தாளில் இருந்த எண் பொய்யாக இருந்ததால், விழுந்தும் கற்றுக்கொள்ள முடியவில்லை. விழுந்து கற்பது என்ற உங்கள் முறைக்கே அடித்தளம் நேர்மையான சான்றிதழ்தான்.

மேலே வார்ப்பு என்று எழுதியது பிழை. அவை அச்சுத் துளை வழியே அழுத்தித் தள்ளி உருவாக்கப்படும் பாகங்கள், உருக்கி ஊற்றியவை அல்ல.

14 ஜூலை 2024

ஜூலை 18 நெருங்குகிறது. 1980இல் அந்த நாளில்தான் எஸ்.எல்.வி. 3 ஏவூர்தி ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. ஆனால் நான் நினைப்பது அதற்கு முந்தைய ஆண்டின் ஆகஸ்ட் 10ஐ. புறப்படச் சிறிது நேரமே இருந்தபோது கணினி ஏவுதலை நிறுத்திவிட்டது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. போதுமான இருப்பு இருக்கிறது, கவலை வேண்டாம் என்று உடனிருந்த வல்லுநர்கள் சொல்ல, திட்ட இயக்குநராக இருந்த கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவ முடிவெடுத்தார். இரண்டாம் அடுக்கு கட்டுப்பாடு இழந்தது. ஏவூர்தி வங்காள விரிகுடாவில் விழுந்தது. இதைக் கலாமே பின்னாளில் மேடை மேடையாகச் சொன்னார். அன்று செய்தியாளர்கள் முன் தோல்வியின் பொறுப்பை இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே ஏற்றார். மறு ஆண்டு வென்றபோது பேசும் வாய்ப்பைக் கலாமுக்குத் தந்தார்.

இந்தக் கதையைத் தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு அது தரக் கட்டுப்பாட்டின் கதை. தவான் அப்படி நடக்காமல் இருந்திருந்தால், கணினி சொன்னதை மீறினேன் என்று கலாம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க முடியுமா? அவர் சொல்லாமல் இருந்திருந்தால், அடுத்த தலைமுறைப் பொறியாளர்கள் அந்த நிறுத்தத்தை மதிக்கக் கற்றிருப்பார்களா?

இதற்கு நேர்மாறான ஒன்றையும் வைக்கிறேன். 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் சிறிய ஏவூர்தியான எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில், இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்வு சிறிது நேரத்துக்கு, வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானிகளின் அளவெல்லையை மீறியது. எல்லா முடுக்கமானிகளும் பழுது என்று மென்பொருள் முடிவு கட்டி, மாற்று வழிக்குத் தாவியது. 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதில் 356க்கு 76 என்ற நீள்வட்டத்தில் செயற்கைக்கோள்கள் விடப்பட்டு வீணாயின. அவற்றுள் ஒன்று அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் பங்களித்த ஆசாதிசாட். தரைச் சோதனையில் கணித்ததைவிட அதிர்வு மிகுந்திருந்தது. எவரும் தெரிந்தே விடவில்லை. நான் படிப்புச் செலவு என்று சொன்னது இதுதான். ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, இரண்டாவது பயணம் வென்றது. அதில் அந்த மாணவிகளின் இரண்டாவது செயற்கைக்கோளும் போனது.

25 ஆகஸ்ட் 2024

ஜூன் 7 அன்று நான் எழுதியதை மறுபடி படித்தேன். அவசரப்பட்டுவிட்டேன். அன்றைய இணைப்பின்போதே ஸ்டார்லைனரைத் திருப்பி நகர்த்தும் சிறு எஞ்சின்களான உந்திகளில் ஐந்து நின்றுபோய், நான்கு மீண்டன. புதிய ஹீலியம் கசிவுகளும் தோன்றின. தரையில் அதே வகை உந்தியைச் சோதித்தபோது, சூடேறிய டெஃப்லான் அடைப்பு உப்பி, எரிபொருளை எரியவைக்கும் ஆக்சிகரணி செல்லும் வழியைக் குறுக்கியதாகத் தெரிந்தது. திரும்பி வரும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாததால், சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர் இருவரையும் அதில் ஏற்றாமல் வெறுமையாகத் திருப்பி அனுப்ப நாசா நேற்று முடிவெடுத்தது. தகவல் மேலே வர முடியாத பண்பாட்டால் இரண்டு விண்வெளி ஓடங்களை இழந்தோம் என்று நாசா தலைவர் பில் நெல்சன் அதே கூட்டத்தில் நினைவுகூர்ந்தார். 1986 ஜனவரியில், அவற்றில் ஒன்றான சேலஞ்சர் புறப்படுவதற்கு முந்தைய இரவு, இந்தக் குளிரில் உந்துபொறியின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் தாங்காது என்று உந்துபொறிப் பொறியாளர்கள் வாதாடித் தோற்றார்கள்.

ஒரு குறையை ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளலாம் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் ஏற்றுக்கொண்ட குறை மட்டுமே அங்கே இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். 2019 டிசம்பரில் ஆளில்லாமல் பறந்தபோது இதே கலத்தின் கடிகாரம் 11 மணி நேரம் பிசகியது. 2021 ஆகஸ்டில் வால்வுகள் ஒட்டிக்கொண்டன. இவ்வளவு வரலாறு உள்ள ஒரு கலத்தில் தெரிந்த ஒரு கசிவைத் தனியாக எடை போட்டது என் தவறு.

8 செப்டம்பர் 2024

ஸ்டார்லைனர் நேற்று அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸ் பாலைவனத்தில் பத்திரமாக இறங்கியது. அவர்களையும் ஏற்றி வந்திருக்கலாமே, நாசா பயந்துவிட்டது என்று மூவர் எழுதியிருக்கிறார்கள். என் 24 துண்டுகளும் சரியான கலவைதான். அதனால் முந்தைய மாலை நான் இட்ட கையொப்பம் சரியாகிவிடவில்லை. சேலஞ்சருக்கு முன் 24 ஓடப் பயணங்கள் உயிரோடு திரும்பின; சிலவற்றில் வளையங்கள் கருகியிருந்தன. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததையே வளையம் தாங்கும் என்பதற்குச் சான்றாக வைத்துக்கொண்டார்கள்.

22 டிசம்பர் 2024

அக்னிகுல் எஞ்சின் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கப்படுவதால் பற்றவைப்பு (வெல்டிங்) இல்லை, இணைப்பு இல்லை, ஆகவே ஆய்வும் குறைவு என்று எழுதியவருக்கு: ஆய்வு இடம் மாறுகிறது, குறைவதில்லை. பற்றவைப்பை நான் கண்ணாலும் சாயத்தாலும் பார்க்க முடியும். அச்சிட்ட எஞ்சினின் சுவருக்குள் ஓடும் குளிர்விப்புக் கால்வாய்க்குள் என் எந்தக் கருவியும் போகாது. ஊடுகதிர் கொண்டு அடுக்கடுக்காகப் படமெடுத்தால்தான் தெரியும். ஹீட் நம்பரின் இடத்துக்கு உலோகத் தூளின் தொகுதி எண் வருகிறது. எஞ்சியிருக்கும் தூளை எத்தனை முறை சலித்து மறுபடி பயன்படுத்தினோம் என்ற பதிவும், அதே தட்டில் கூடவே அச்சிட்டுப் பின்னர் இழுத்து முறித்துப் பார்க்கும் சோதனைத் துண்டுகளும் வேண்டும்.

எவ்வளவு சோதனை போதும் என்ற முதல் கேள்விக்கு ஓர் அளவுகோலும் தருகிறேன். ககன்யானுக்கான சிஇ20 கிரையோஜெனிக் எஞ்சினை மனிதப் பயணத்துக்குத் தகுதிப்படுத்த 6350 விநாடிகள் எரித்துக் காட்டினால் போதும் என்பது விதி. இஸ்ரோ நான்கு எஞ்சின்களை 39 முறை, மொத்தம் 8810 விநாடிகள் எரித்துக் காட்டியது. ஆளில்லாத சிறு செயற்கைக்கோளுக்கு இதே அளவைக் கேட்பது அநியாயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பயணத்துக்கு எந்த அளவு என்பதைத் தோல்விக்கு முன் எழுதிவைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

18 ஜனவரி 2025

ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் ஏவூர்தியின் ஏழாவது சோதனையில் மேலடுக்கு வெடித்து, சிதறல்கள் டர்க்ஸ் கைகோஸ் தீவுகளின் மேல் ஒளிர்ந்து விழுந்தன, பயணிகள் விமானங்கள் வழி திருப்பப்பட்டன. ஜூன் 1 அன்று படிப்புச் செலவு என்று எழுதினேன். அதை யார் கட்டுகிறார்கள் என்று அப்போது நான் கேட்கவில்லை. அன்று அந்த விமானங்களில் இருந்தவர்களுக்கு அந்தப் படிப்பில் பங்கில்லை. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் வரும்போது, திருச்செந்தூர்க் கடற்கரையில் வலை விரிப்பவர்களுக்கு ஏவுநாளில் எந்தப் பகுதிக்குள் போகக் கூடாது என்பது மட்டும் சொல்லப்படக் கூடாது. ஏன் என்பதும் சொல்லப்பட வேண்டும்.

20 மார்ச் 2025

நேற்று அதிகாலை சுனிதாவும் வில்மோரும் வேறொரு கலத்தில் கடலில் இறங்கினார்கள். எட்டு நாள் பயணம் ஒன்பது மாதத்துக்கு மேல் நீண்டது.

கம்பியைச் சீவிய அந்த இளைஞர் என்ன ஆனார் என்று ஒருவர் கேட்டிருந்தார். அவரை வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்ற பேச்சு வந்தது. தவறான கையொப்பம் என்னுடையது, நிறுத்துவதானால் என்னை நிறுத்துங்கள் என்று சொன்னேன். நிறுத்தவில்லை. மூன்று வாரம் கழித்து ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "அண்ணா, ஒண்ணு சொல்லோணுங்க" என்றார். முறுக்குவிசைச் சாவி முந்தைய வாரம் தம் கையிலிருந்து கீழே விழுந்ததாகவும், அதன் பிறகு அதைக் கொண்டு எட்டு இணைப்புகளை இறுக்கியதாகவும் சொன்னார். சாவியை அளவுத்திருத்தத்துக்கு அனுப்பினோம். குறித்த அளவைவிடக் குறைவாகவே இறுக்கிக்கொண்டிருந்தது. எட்டையும் கழற்றி மறுபடி இறுக்கினோம்.

இப்போது கம்பி அலமாரி அவர் பொறுப்பில் இருக்கிறது. 2014 எண் கலவையைப் பட்டறையின் எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டார். கம்பி வந்து இறங்கியதும் நீளம் முழுவதும் ஒரு சாண் இடைவெளியில் எண்ணைக் குத்திவிடுகிறார், எந்த முனையைச் சீவினாலும் எண் மிஞ்சும்படி.